சமவெளி மாடியில் கேரட்: வேலையெல்லாம் முதல் ஒரு மாதம்தான்

ஊட்டிக் கேரட் மேட்டுப்பாளையம் வழியாக மூட்டை மூட்டையாக இறங்கி வரும் கோவையில் இருந்துகொண்டு மொட்டைமாடியில் கேரட் போடுவது கொஞ்சம் வீம்புதான். கேத்தி பாலாடா பக்கம் இயந்திரத்தில் கழுவி அனுப்பிய கேரட் தெருமுனைக் கடையிலேயே பளபளவென்று கிடைக்கிறது. காசுக்கணக்கு பார்த்தால் வாங்கிச் சாப்பிடுவதே லாபம். ஆனாலும் சில குளிர்காலங்களாகத் தொடர்ந்து போட்டு வருகிறேன். தக்காளி, கத்தரி, வெண்டையில் பழகிய கை இதில் வேலைக்கு ஆகாது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. அவற்றுக்கெல்லாம் செடி வளர வளரத்தான் வேலை: குச்சி கட்டு, உரம் வை, மருந்து அடி. கேரட்டுக்கோ விதைப்பதற்கு முன்னாலும், விதைத்த முதல் ஒரு மாதத்திலும்தான் வேலை. அதற்கப்புறம் நாம் அக்கறையாகச் செய்வதில் பாதி அதற்குக் கெடுதல்.

காரணம் வேர் வளரும் விதம். முளைத்ததும் கேரட் முதலில் ஆணிவேரைத்தான் நேராகக் கீழே இறக்குகிறது. மேலே இரண்டு மூன்று இலை தெரியும்போதே கீழே வேர் ஒரு சாண் போயிருக்கும். கிழங்கின் நீளம் ஏறக்குறைய அங்கேயே முடிவாகிவிடும். பருப்பது பிறகு நடக்கிற வேலை. அந்த நூல் போன்ற வேர்நுனி கல்லில் முட்டினாலோ, மக்காத சாணத்தில் கருகினாலோ, பிடுங்கி நடும்போது அறுந்தாலோ போச்சு. பக்கத்திலிருந்து இரண்டு மூன்று வேர்கள் கிளம்பி எல்லாமே பருக்கும். கால் முளைத்த கேரட் அப்படித்தான் உண்டாகிறது.

நாற்றுப்பண்ணை ஒன்றில் ஒருவர் கேரட் நாற்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே இருந்த அம்மா சொன்ன பதில் இன்னும் நினைவில் இருக்கிறது. "ஏனுங்க, கேரட்டும் முள்ளங்கியும் நாத்து விட்டு நடறதில்லீங்க. விதை விழுந்த எடத்துலயேதான் அது இருக்கோணும். நாத்துன்னு யாராச்சும் குடுத்தாலும் வாங்கிப் போடாதீங்க." விற்க வந்தவர் விற்க மாட்டேன் என்று சொன்னால் நம்பலாம்.

முதலில் காலக்கணக்கு. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற பழக்கம் நமக்கு ஊறிப்போனது. சமவெளியில் கேரட்டுக்கு அது பொருந்தாது. கேரட்டின் நிறமும் இனிப்பும் நன்றாக ஏறுவது 15 முதல் 20 டிகிரி வாக்கில். 30 டிகிரியைத் தாண்டிய வெயிலில் கிழங்கு குட்டையாகவும் வெளிறியும் வரும், காரலான ஒரு வாடையும் சேர்ந்துகொள்ளும். கோவையில் மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 18, 19 டிகிரிக்கு இறங்கும். பகல் எப்படியும் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கிழங்கு பருக்கும் வாரங்கள் அந்தக் குளிருக்குள் விழும்படி பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். விதைத்ததிலிருந்து அறுவடைக்கு 90 முதல் 110 நாள். ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முதல் வாரத்துக்குள் விதைத்தால் மாசியில் கையில் கிடைக்கும். அதே விதையைத் தையில் போட்டும் பார்த்தேன். இலை நன்றாக வந்தது. கிழங்கை வெட்டினால் நடுத்தண்டு வெள்ளையாகத் தடித்து, சுற்றிலும் ஒப்புக்குக் கொஞ்சம் ஆரஞ்சு. மாசி பங்குனி வெயிலில் பருத்தால் அப்படித்தான்.

ஐப்பசியில் இன்னொரு சங்கடம், வடகிழக்குப் பருவமழை. ஒரு நல்ல அடைமழை போதும், வரிசை வரிசையாகப் போட்ட விதையெல்லாம் மிதந்துபோய்ப் பெட்டியின் ஒரு மூலையில் சேர்ந்து, அங்கே மட்டும் கொத்தாக முளைக்கும். அதற்கு வழி இருக்கிறது, விதைப்பில் சொல்கிறேன்.

ரகத்துக்கு வருவோம். கேரட்டில் பெரிய பிரிவு இரண்டு. ஐரோப்பிய ரகங்களான நான்டெஸ் போன்றவை குளிரை விரும்பும். நல்ல குளிர் பட்டால்தான் பூத்து விதை கட்டும். ஆசிய ரகங்கள் வெப்பம் தாங்கும், சமவெளியிலேயே விதையும் கொடுக்கும். பூசா கேசர், பூசா ருதிரா எல்லாம் இந்த வகை. வட இந்தியக் குளிர்காலத்தில் அல்வாவுக்குப் போகும் அந்தச் சிவப்புக் கேரட் இந்தக் கூட்டம்தான். ஜப்பானில் உருவான குரோடா ரகமும் வெப்பம் தாங்குவதில் பேர்போனது. மாடிக்கு என் தேர்வு குரோடாதான். கிழங்கு குட்டை, தோள் அகலம். ஒரு அடி ஆழமுள்ள தொட்டியில் அடங்கிவிடும். நீளமாகப் போகிற ரகத்தை வாங்கித் தொட்டியின் அடியில் அதை மடங்க வைப்பதில் அர்த்தமில்லை.

விதைப் பொட்டலத்தில் படத்தைவிடத் தேதிதான் முக்கியம். கேரட் விதைக்கு ஆயுள் குறைவு. இரண்டு மூன்று வருடத்தில் முளைப்புத் திறன் வேகமாக விழுந்துவிடும். பெரிய பையிலிருந்து பிரித்துச் சின்னக் கவரில் போட்டு, தேதியே இல்லாமல் விற்பதை நான் வாங்குவதில்லை. சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து சமையலறையில் ஒரு வாரம் பத்து நாள் வைத்துப் பார்க்கலாம். ஆறேழு முளைத்தால் போதும், தைரியமாக விதைக்கலாம்.

தொட்டி விஷயத்தில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: கறுப்பு குரோ பேக், இருபது லிட்டர் பெயின்ட் வாளி, மீன் மார்க்கெட்டில் பழையதாகக் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டி. ஒரே மண், ஒரே விதை. குரோ பேக்கில் மேற்கு வெயில் படும் பக்கத்தில் இருந்த கிழங்குகள் மெலிந்தே இருந்தன. மதியம் மூன்று மணிக்கு அந்தப் பக்கத்து ஓரமாக மண்ணுக்குள் விரலை விட்டால் சுடும், காரணம் தெரிந்துவிட்டது. வாளி பரவாயில்லை, ஆனால் வாய் சிறியது, அதிகம் போட முடியாது. தெர்மாகோல் பெட்டிதான் ஜெயித்தது. வெயிலை உள்ளே விடுவதில்லை, மண் ஒரே குளிர்ச்சியாக இருக்கிறது. மீன் வாடை போக இரண்டு நாள் வெயிலில் காயவைத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், பூனைத் தொல்லைக்கு அதுவே மருந்தும். துளையை அடியில் போடாமல் பக்கச் சுவரில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் போடுகிறேன். ஒன்று மட்டும் கவனம்: இரண்டடி நீளப் பெட்டி ஈரமண்ணோடு நூறு கிலோவை நெருங்கும். நடுத்தளத்தில் வரிசையாக அடுக்காமல், கீழே சுவரோ பீமோ போகிற இடம் பார்த்து வைப்பதுதான் நல்லது.

இனி மண். மாடித்தோட்டத்தில் எல்லோரும் சொல்லும் கலவை செம்மண், கோகோபீட் என்கிற தென்னை நார்த்தூள், எரு மூன்றும் சம பங்கு. தக்காளிக்கு அது சரி. கேரட்டுக்கு எரு அதிகம். தழைச்சத்து கூடினால் இலை காடாக வளரும், கிழங்கின் மேலெல்லாம் மயிர் மயிராகச் சல்லிவேர் விடும். என் கலவை: சலித்த செம்மண் இரண்டு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் அரைப் பங்கு. பெட்டிக்கு இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு, ஒரு கை அடுப்புச் சாம்பல். ஆற்று மணல் கிடைக்கவில்லை என்றால் எம்-சாண்டை அப்படியே கொட்டக் கூடாது. அதிலிருக்கும் கல்தூள் தண்ணீர் பட்டுப் பட்டு இறுகிவிடும். கழுவித் தூளைப் போக்கினால் ஓரளவு சமாளிக்கலாம்.

சலிப்பதுதான் முதுகை ஒடிக்கும் வேலை. கொத்தனார் மணல் சலிக்கும் வலையில் செம்மண்ணைப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கல்லும் கட்டியுமாக மேலே நின்றுவிடும். அவரைப் பருப்பு அளவுக் கல்கூட இருக்கக் கூடாது. சலித்த மண்ணில் ஒரு பெட்டியும் சலிக்காத மண்ணில் ஒரு பெட்டியும் போட்ட வருடம், சலிக்காத பெட்டியில் நேரான கிழங்கைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றைப் பிடுங்கியபோது இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு கருங்கல் ஜல்லித்துண்டு அப்படியே கவ்விக்கொண்டு வந்தது. வேர் எந்த இடத்தில் முட்டி எப்படிப் பிரிந்தது என்று படம் போட்டுக் காட்டியதுபோல் இருந்தது.

மண்ணை நிரப்பி, நன்றாகத் தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் சும்மா விட்டுவிடுவேன். மண் தானாக ஒரு விரற்கடை இறங்கும். எருவோடு வந்த களை விதைகளும் அதற்குள் முளைத்துவிடும். கோரை, கீழாநெல்லி, குப்பைமேனி எல்லாவற்றையும் அப்போதே பிடுங்கிவிடலாம். கேரட் முளைத்த பிறகு களை பிடுங்கினால் அதன் வேரோடு கேரட்டும் சேர்ந்து வரும்.

விதையை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைக்கிறேன். முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் கொஞ்சம் கரைந்து வெளியேறுவதால் இரண்டு மூன்று நாள் முன்னதாக முளைக்கிறது. காலையில் வடிகட்டி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு கைப்பிடி உலர்ந்த மணல் கலந்துகொள்ள வேண்டும். ஒரு கிராமில் சுமார் 800 விதை இருக்கும்; மணல் கலக்காமல் விரலால் தூவினால் எங்கே எவ்வளவு விழுந்தது என்றே தெரியாது. பெட்டியின் நீளவாக்கில், நான்கு விரல் இடைவெளியில், ஸ்கேலை அழுத்தி அரை அங்குல ஆழத்தில் கோடு போட்டு, மணலோடு தூவி, கோகோபீட் தூளால் மெலிதாக மூடுகிறேன். மேலே செம்மண் போட்டால் வெயிலில் ஏடு கட்டும். முளை அதைக் கிழித்துக்கொண்டு வரத் திணறும்.

இனிமேல் வரும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் கேரட் விவசாயத்தின் கழுத்து. மேல்மண் ஒரு மதியம் காய்ந்தாலும் முளை கருகிவிடும். நனைத்த சணல் சாக்கைப் பெட்டியின் மேல் மண்ணோடு ஒட்டி விரித்து, காலையும் மாலையும் பூவாளியால் சாக்கின் மேலேயே தண்ணீர் தெளிக்கிறேன். ஈரமும் நிற்கும், அணில் கிளறாது, மேலே சொன்ன அடைமழை வந்தாலும் விதை ஓடாது. ஆனால் ஆறாவது நாளிலிருந்து தினமும் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வெள்ளை நூலாக ஒன்றிரண்டு முளை தலை வளைத்து நிற்பதைக் கண்டால் அன்று சாயங்காலமே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் முளை சாக்கின் இழைக்குள் நுழைந்து, எடுக்கும்போது கூடவே பிய்ந்து வரும். சாக்கை எடுத்த பிறகு, மழைக்கு மட்டும் பெட்டிமேல் வளைவாகக் கம்பி கட்டி நிழல்வலை போட்டால் போதும். வெயில் வந்ததும் கழற்றிவிடலாம்.

முளைத்த கேரட்டை அடையாளம் தெரியாமல் பிடுங்கி எறிபவர்கள் நிறைய. முதலில் வரும் இரண்டு இலைகளும் புல்லைப் போல ஒல்லியாக, நீளமாக இருக்கும். அடுத்த வாரம் நடுவிலிருந்து வரும் மூன்றாவது இலைதான் கொத்தமல்லி மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், சீரகமும் சோம்பும் ஓமமும்கூட. அந்த மூன்றாவது இலை வரும்வரை வரிசையில் கை வைக்காமல் இருப்பது உத்தமம். சிலர் அடையாளத்துக்காக வரிசையோரம் முள்ளங்கி போடச் சொல்கிறார்கள். அது மூன்று நாளில் முளைத்து வரிசையைக் காட்டும்தான். நாற்பதாவது நாள் அதைப் பிடுங்கும்போது பக்கத்துக் கேரட்டின் வேரெல்லாம் ஆடிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

செடி மூன்று விரல் உயரம் வந்ததும் கலைத்துவிட வேண்டும். மனசு வராத வேலை இது. முளைத்ததே பெரிய பாடாக இருக்கும்போது பாதியை எடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் நெருக்கத்தில் விட்டால் ஒன்றை ஒன்று சுற்றிப் பின்னிக்கொண்டு பென்சில் கனத்தில் நின்றுவிடும். பிடுங்காமல், சின்னக் கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்ட நறுக்கிவிடுகிறேன். நிற்கிற செடியின் வேர் அசையாது. முதல் தடவை இரண்டு விரல் இடைவெளி. மாதம் திரும்பும்போது மூன்று விரல். நறுக்கிய தளிரை வீணாக்க வேண்டாம், அடை மாவில் போடலாம்.

இத்தோடு நம் வேலை முடிந்தது. இதற்கப்புறம் சும்மா இருப்பதுதான் கஷ்டம். மாடித்தோட்டக்காரர்களுக்கு வாரம் ஒரு உரக்கரைசல் ஊற்றாவிட்டால் கை அரிக்கும். மீன் அமிலம், பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் என்று ஒன்று மாற்றி ஒன்று. ஒரு பெட்டிக்கு வாரா வாரம் மீன் அமிலம், இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர் என்று விட்டுப் பார்த்ததில், கரைசல் குடித்த பெட்டியின் இலை முழங்கால் உயரம் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அதைத்தான் மெச்சினார்கள். கிழங்கு என்னவோ தண்ணீர் குடித்த பெட்டியில்தான் பருத்திருந்தது. ஐம்பதாவது நாள் வாக்கில் ஒரு கை சாம்பலை மண்ணில் கலந்துவிட்டால் சாம்பல்சத்துக்குப் போதும். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

தண்ணீர் மட்டும் சீராகப் போக வேண்டும். விரலை ஒரு கணு அளவு மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் விடு, ஈரமிருந்தால் விடாதே, அவ்வளவுதான். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து, வாடிக் கிடக்கிற செடியைப் பார்த்த பதற்றத்தில் ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டுவது பலர் வீட்டிலும் நடக்கும். காய்ந்து இறுகிய கிழங்கு திடீரென்று தண்ணீரை உறிஞ்சி நெட்டுக்கு வெடித்துவிடும். வெடித்தது சமையலுக்கு ஆகும், வைத்திருக்க ஆகாது.

எழுபது நாளுக்கு மேல் கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே எட்டிப்பார்க்கும். வெயில் பட்டால் அந்த இடம் பச்சையாகிக் கசக்கும். பக்கத்து மண்ணை விரலால் இழுத்து அணைத்துவிட வேண்டும். மண் போதவில்லை என்றால் கோகோபீட் தூவி மூடலாம்.

பூச்சியில் பெரிய தொல்லை இல்லை. மேகமூட்டமான நாட்களில் இலைக்காம்பில் அசுவினி ஒட்டும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளித்தால் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று உண்டு: வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டை போட்ட பழைய மண்ணை அப்படியே கேரட்டுக்குக் கொடுத்தால் இது வரும். பிடுங்கிப் பார்த்தால் சல்லிவேரெல்லாம் கடுகு கடுகாக முடிச்சு, கிழங்கு கோணல்மாணலாகக் கரடு தட்டியிருக்கும். வந்த பிறகு அந்தப் பயிருக்கு மருந்தில்லை. மண்ணைச் சித்திரை வைகாசியில் நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் வேகவிட வேண்டும். அதன்பின் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டால் இன்னும் நல்லது.

அறுவடையில் நாளை எண்ணுவதைவிடத் தோளைப் பார்ப்பதே மேல். இலைக்கொத்தின் அடியில் மண்ணை விலக்கினால் கிழங்கின் அகலம் தெரிந்துவிடும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தால் எடுக்கலாம். முந்தின நாள் தண்ணீர் விட்டு வைத்து, காலையில் காம்புகளை அடியோடு சேர்த்துப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் முனை ஒடியாமல் வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. பெரியதைப் பார்த்துப் பார்த்து எடுத்தால் மிச்சமுள்ளது பருக்க இடம் கிடைக்கும். ரொம்ப நாள் மண்ணிலேயே விட்டாலும் நடுத்தண்டு கட்டையாகிவிடும், மாசி தாண்ட விடக் கூடாது.

ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது செடி நிற்கும். கிழங்கு ஒன்று நாற்பது கிராம் வாக்கில் இருக்கும். மொத்தத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. ஊட்டிக் கேரட்டின் நீளமும் நிறமும் வராது. பிடுங்கிய உடனே கடித்தால் வரும் அந்த மொறுமொறுப்பும் வாசனையும் மூட்டையில் பயணம் செய்த கேரட்டில் இருக்காது, அதற்காகத்தான் இந்த வீம்பு.

எடுத்த கையோடு இலையைக் கிழங்கிலிருந்து ஒரு விரற்கடை விட்டு வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்து, மறுநாளே தொளதொளவென்று ஆக்கிவிடும். வெட்டிய இளம் இலையை என் அத்தை பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்வார். "கொஞ்சம் கசக்குதுன்னு தூக்கிப் போட்டுராதீங்க மாப்பிள்ளை, வெங்காயத்த ரெண்டா சேத்துப் போட்டா சரியாப்போகும்" என்பது அவர் சொன்ன பக்குவம். கிழங்கைக் கழுவாமல் மண்ணை மட்டும் தட்டி, ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும். ஆப்பிள், வாழைப்பழத்தோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பழங்கள் விடும் எத்திலீன் வாயு பட்டால் நல்ல கேரட்டும் கசந்துவிடும். கடையில் வாங்கியது கசந்தாலும் பல நேரம் காரணம் இதுதான்.

பெட்டி காலியானதும் மண்ணைக் கிளறி, சல்லிவேரைப் பொறுக்கிவிட்டு, கொஞ்சம் எரு சேர்த்துச் சின்ன வெங்காயம் ஊன்றிவிடுகிறேன். சலித்த மண் வீணாகாது, வெங்காயமும் அதில் நன்றாகவே காலூன்றுகிறது.